எழுதி வைக்காத சொத்து

எங்கள் நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காலி என்று வகைவகையாக மூட்டைகள் அடுக்கியிருக்கும். வியாபாரிகள் ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். உள்ளே நிறம் எப்படி, காய்ச்சல் போதுமா என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். ஓய்வு பெற்று, மனைவியின் சொந்த ஊரான இங்கே வந்து தங்கிய நாளிலிருந்து, வேலை இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். வேலை இருக்கும் செவ்வாய்க்கிழமை எனக்கு ஏது?

மஞ்சள் விற்பதற்காகவே விளைந்த பொருள். அது ஏலத்துக்குப் போவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. விலை குறைந்தால்தான் வருத்தம். ஆனால் ஒரு மனிதன் ஆசை ஆசையாகத் தேடிச் சேர்த்து, பழுது பார்த்து, பத்துப் பேருக்குக் காட்டி மகிழ்ந்த பொருள்கள் அவன் போன பிறகு ஏலத்துக்குப் போனால்? 2024-ல் அமெரிக்காவில் அப்படி ஓர் ஏலம் நடந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு உள்ளூர் நண்பர் ஒருவரின் ஞாபகம் வந்துவிட்டது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அமெரிக்கக் கதை.

பில் கேட்ஸை எல்லோருக்கும் தெரியும். 1975-ல் அவரோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கிய பால் ஆலனை நம்மில் பலருக்குத் தெரியாது. இருவரும் சியாட்டில் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1968-ல் அந்தப் பள்ளிக்குத் தொலைவில் இருக்கும் கணினியோடு பேசும் தட்டச்சுக் கருவி ஒன்று வந்தது. மாணவர்களின் தாய்மார்கள் பழைய சாமான் விற்பனை நடத்திச் சேர்த்த பணத்தில் வந்தது அது. கணினியைப் பயன்படுத்த மணிக் கணக்கில் கட்டணம். பையன்களிடம் ஏது அவ்வளவு காசு? ஊரில் இருந்த ஒரு கணினி நிறுவனம், எங்கள் இயந்திரத்தில் உள்ள குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், சும்மாவே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. அந்த இயந்திரம்தான் பி.டி.பி.-10. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய பீரோக்கள் போல இருக்கும். பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டின் முதல் மென்பொருளை எழுதியதும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பி.டி.பி.-10-ல்தான்.

பெரும் பணக்காரரான பிறகும் ஆலன் அந்தப் பழைய இயந்திரங்களை மறக்கவில்லை. தேடித் தேடி வாங்கினார். 2012-ல் சியாட்டிலில் ஒரு கணினி அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார். அதன் பெயரையே தமிழில் சொன்னால் 'உயிருள்ள கணினிகளின் அருங்காட்சியகம்'. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தொடாதே என்று பலகை மாட்டவில்லை. பழுது பார்த்து ஓட வைத்தார். வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். அறுபதுகளில் அந்த இயந்திரங்களில் வேலை பார்த்த கிழவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டலாம்.

2018 அக்டோபரில் ஆலன் புற்றுநோயால் இறந்தார். வயது 65. மனைவி, மக்கள் இல்லை. சொத்துக்கு அவர் தங்கை பொறுப்பாளர். 2020-ல் கொரோனா வந்தபோது அருங்காட்சியகத்தை மூடினார்கள். எல்லாக் கதவுகளும் மூடிய காலம் அது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கதவுகள் திறந்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2024 ஜூனில், இனித் திறக்காது, பொருள்கள் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் மூலம் விற்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஏலம். ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்த ஆப்பிள்-1 கணினி 9,45,000 டாலருக்குப் போயிற்று. நம் கணக்கில் ஏறக்குறைய 8 கோடி ரூபாய். ஆலனின் சேகரிப்பில் இருந்த இன்னொரு பொருள், அணுகுண்டு பற்றி அமெரிக்க ஜனாதிபதிக்கு 1939-ல் ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட கடிதத்தின் ஒரு படி. அது 39 லட்சம் டாலர். அவர் பையனாக இருந்தபோது கற்றுக்கொண்ட அதே வகை பி.டி.பி.-10 இயந்திரத்துக்கு ஏலப் பட்டியலில் போட்டிருந்த மதிப்பு 30,000 முதல் 50,000 டாலர்.

இதில் திருட்டு இல்லை, சட்ட மீறல் இல்லை. பணம் தர்ம காரியங்களுக்குப் போகிறது, அது ஆலனின் விருப்பமே என்றார்கள். 2022-ல் அவருடைய ஓவியங்களை விற்றபோதும் அப்படித்தான். அந்த ஒரு விற்பனையிலேயே 160 கோடி டாலர் வந்தது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அந்தப் பணம் போனால், பழைய இரும்புக்காக ஏன் அழ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மருமகன் அப்படித்தான் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஓவியத்தைப் பொறுத்தவரை எனக்கும் பதில் இல்லை. ஒரு சுவரிலிருந்து இறங்கி இன்னொரு சுவரில் ஏறினாலும் ஓவியம் ஓவியமாகவே இருக்கும். ஓடும் கணினி அப்படி இருக்க முடியாது. நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் கெட்டுப்போகும். சின்ன பேட்டரி கசிந்து போர்டை அரிக்கும். ஃபிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் கலைந்தால் இயந்திரம் வெறும் தகரம். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 2001-ல் காலமானார். அவர் வாசித்த நாயனத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதுமா? கற்றுக்கொண்ட சீடர்கள் வாசித்தால்தானே அது நாயனம்?

இன்னொன்றும் உண்டு. அந்த அருங்காட்சியகத்துக்குப் பலர் தங்கள் பழைய கணினிகளையும் கையேடுகளையும் நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். விற்று தர்மம் பண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஓட வைத்து நாலு பேருக்குக் காட்டுவார்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். மூடப்போகிறோம் என்ற செய்தி வந்தபோது அவர்களுக்கு மனசு எப்படி இருந்திருக்கும்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. நாற்காலி, மேஜை, தட்டச்சு இயந்திரம் எல்லாம் அதில்தான் ஏறும். தொண்ணூறுகளில் அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தது. குளிர்சாதன அறை கட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு. பத்து வருஷம்கூட ஆகவில்லை, அது உபயோகமற்றது என்று குறிப்பு எழுதியது நான்தான். அதோடு மூன்று தட்டச்சு இயந்திரங்கள். அதில் ஒன்று பிரெஞ்சு எழுத்து வரிசை கொண்டது. மொத்தமாக எடை போட்டுக் கொடுத்தோம். கோப்பு ஒழுங்காக முடிந்ததில் அன்று எனக்குத் திருப்திகூட இருந்தது. ஒன்றையாவது எடுத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அடுத்தவரைக் குற்றம் சொல்லும் தகுதியில் இருந்து இதை எழுதவில்லை.

நான் சொல்ல வந்த நண்பர் ராசிபுரம் பக்கம் சேகோ ஃபேக்டரி வைத்திருந்தவர். பெயர் வேண்டாம். 1988-ல் ஆலைக் கணக்குக்காகக் கணினி வாங்கினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பெரிய அப்பளம் போல வளையும் ஃபிளாப்பி. அதன் பிறகு 386, 486, பெண்டியம் என்று வரிசையாக வாங்கினார். எதையும் தள்ளவில்லை. மாடியில் ஒரு பெரிய அறையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பக்கத்து ஊர்களில் யாராவது பழைய கணினியைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் டெம்போ அனுப்பி எடுத்து வருவார். கைப்பிடி சுற்றும் கணக்குப்போடும் இயந்திரம்கூட ஒன்று இருந்தது.

ஆயுத பூஜை அன்று அந்த அறைக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்திப் பூ. தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொன்றாக சுவிட்ச் போடுவார். விசிறி சத்தத்தோடு அவை ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று 1988-ஆம் வருஷத்து ஜவ்வரிசி விலையை அச்சடிக்கும். பேரன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "வருஷத்துக்கு ஒருக்கா ஓட்டுனாத்தானுங்க உசுரோட இருக்கும்" என்பார். கோடீசுவரர் ஆலனுக்கும் இவருக்கும் பணத்தில்தான் வித்தியாசம், பைத்தியத்தில் இல்லை.

ஒரு நாள் பேச்சுவாக்கில், "எனக்கப்புறம் இதையெல்லாம் ஏதாச்சும் இன்ஜினியரிங் காலேஜுக்குக் குடுத்துறலாமுங்களா?" என்று கேட்டார்.

"நல்ல யோசனைங்க. ஒரு காயிதத்துல எழுதி வச்சிருங்க" என்றேன்.

"இப்ப என்னங்க அவசரம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பது வருஷம் ஊரார் மனுக்களை எழுதிக்கொடுத்தவன், அன்று என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும்.

அவர் போனபோது நான் மகள் வீட்டில் இருந்தேன். கால் வீக்கம், பஸ் ஏற முடியவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத்தான் துக்கம் கேட்கப் போனேன். மாடி அறை காலி. தரையில் கணினிகள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. மகன் நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். "வீட்டைக் கொஞ்சம் மாத்திக் கட்டலாம்னு இருக்கோமுங்க. பழைய இரும்புக்காரரு வந்தாரு, அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். நான் கல்லூரி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே மாமா. சொல்லியிருந்தா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேனே."

அவர் மேல் தப்பில்லை. கேட்டுக்கொண்டவன் நான், சொல்லாதவனும் நான். கிளம்பும்போது அலமாரியில் தப்பிக் கிடந்த ஒரு ஃபிளாப்பிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். மேலே நண்பரின் கையெழுத்தில் '1988 – 1991 கணக்கு' என்று இருக்கிறது. அதைப் படிக்கும் இயந்திரம் எடைக்குப் போய்விட்டது. பெட்டி இப்போது என் பீரோவில்.

பணம் இருந்தால் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆலன் பதில். பணம் இல்லாமலும் தப்பிக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பெரும் செல்வர் இல்லை. வாழ்நாளெல்லாம் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992-ல் இறந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை மொத்தமாக விலைக்கு வாங்கியது. விலைக்கு வாங்கியவர்கள் கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள், மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்று தரமணியில் யாரும் போய்ப் படிக்கலாம். அங்கேயும் விற்பனைதான் நடந்தது. ஆனால் சிதறாமல், பயன்படுத்துகிறவர் கைக்குப் போயிற்று.

மறைமலையடிகள் தம் புத்தகங்கள் தமிழ் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவிட்டுப் போனார். 1950-ல் மறைந்தார், 1958-ல் சென்னையில் அவர் பெயரால் நூல் நிலையம் வந்தது. நடுவில் எட்டு வருஷம் ஆனாலும் எழுத்து பேசியது.

கணினியிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். கார்டன் பெல் என்பவர் பி.டி.பி. இயந்திரங்களை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். அவரும் மனைவியும் 1979-ல் ஒரு கணினி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். அதைத் தங்கள் சொந்தச் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. பிறகு அது பாஸ்டன் நகருக்குப் போயிற்று, அங்கும் மூடியது. ஆனால் பொருள்கள் ஏலத்துக்குப் போகவில்லை, கலிஃபோர்னியாவில் இன்று இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. 2024 மே மாதம் பெல் காலமானார். மறுநாளும் அங்கே கதவு திறந்துதான் இருந்தது. அடுத்த மாதம்தான் ஆலனின் அருங்காட்சியகம் பற்றிய அந்த அறிவிப்பு வந்தது. ஒருவர் இருக்கும்போதே கையை விட்டுக் கொடுத்தார். மற்றவர் கடைசி வரை தம் சொத்துக்குள்ளேயே வைத்திருந்தார். என் சிற்றறிவுக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் ஒரு பழமொழியை வாரம் ஒரு முறை சொல்வார்: 'லே பரோல் ஸான்வோல், லேஸ் எக்ரி ரெஸ்த்.' பேச்சு பறந்துபோகும், எழுத்து தங்கும் என்று அர்த்தம். வீட்டுப் பாடம் எழுதாத பையன்களை மிரட்டச் சொன்னது. எனக்கு அதன் முழு அர்த்தம் அந்தக் காலி மாடி அறையில் நின்றபோதுதான் விளங்கியது.

என் வயதுக்காரர்கள் வீட்டையும் நிலத்தையும் பற்றி உயில் எழுதுகிறார்கள். பீரோவில் இருக்கும் பழைய கேமரா, ரேடியோ, நாணயம், தபால்தலை, கையெழுத்து நோட்டு, கிராமஃபோன் தட்டு இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளுக்கே தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. அவர்கள் பார்ப்பது தூசி. நாம் சொன்னால்தான் அதற்குள் கதை இருப்பது தெரியும்.

எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பொருளைப் பெறப்போகிறவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் பலம். பொருளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: என்ன பொருள், எங்கே இருக்கிறது, ஓடுகிறதா, யாருக்குப் போக வேண்டும். கல்லூரிக்கோ நூலகத்துக்கோ கொடுப்பதென்றால், நாம் இருக்கும்போதே அவர்களைக் கேட்டுவிடுவது உத்தமம். வேண்டாம் என்பார்கள் என்றால் அதையும் நாமே கேட்டுக்கொள்ளலாம், பிள்ளைகளை அலைய விட வேண்டாம். ஓட்டத் தெரிய வேண்டிய பொருளாக இருந்தால், ஒரு பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, வேண்டியதும் இல்லை. உண்மையிலேயே கழிக்க வேண்டிய கணினி என்றால், தெருவில் எரித்துச் செம்பு எடுப்பவரிடம் போகாமல், அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்துக்குப் போகும்படி அதையும் எழுதி வையுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்துக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து என் பட்டியலைப் போட்டேன். பதினேழு உருப்படிகள்தான் தேறின. பிரெஞ்சு அகராதி ஒன்று, அப்பாவின் பேனா, பள்ளிக்கூட நோட்டுகள் சில. பதினேழாவது, நண்பரின் ஃபிளாப்பிப் பெட்டி. 'பெறுபவர்' என்ற இடத்தில் அவருடைய மூத்த பேரன் பெயரை எழுதியிருக்கிறேன். சேலத்தில் கணினிதான் படிக்கிறான். போன் பண்ணிச் சொன்னேன். "படிக்க முடியுமான்னு பாக்கறேனுங்க தாத்தா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.